கொலம்பஸா, புளூமிங்டனா, ராச்செஸ்டரா? தங்கை குடும்பத்துக்காகப் பார்த்த மூன்று சின்ன ஊர்கள்

போன செப்டம்பரில் என் தங்கை வீட்டுக்காரர் இன்டர்வியூவுக்குக் கிளம்பி, ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸில் போய் இறங்கினார். இன்டர்வியூ நடப்பது இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸில். இரண்டுக்கும் நடுவே காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். "மச்சான், இங்க இன்ஜின் கம்பெனியைப் பத்தி ஒருத்தருக்கும் தெரியலை. எங்க பார்த்தாலும் யுனிவர்சிட்டி ஃபுட்பால் கொடிதான் பறக்குது" என்று விமான நிலைய வாசலிலிருந்து போன் செய்தார். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. வாடகைக் கார் எடுத்து ஓட்டிக்கொண்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த மூன்று ஊர்களுக்குமே பெயரில் ஒரு பெரிய அண்ணன் உண்டு. இண்டியானா கொலம்பஸுக்கு ஒகையோ கொலம்பஸ். மினசோட்டா ராச்செஸ்டருக்கு நியூயார்க் ராச்செஸ்டர். அந்த ஊரின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். இல்லினாய் புளூமிங்டன் கதை இன்னும் மோசம். இண்டியானாவில் ஒரு புளூமிங்டன், மினசோட்டாவில் ஒரு புளூமிங்டன் என்று மூன்று மாநிலத்திலும் ஒவ்வொன்று இருக்கிறது. யாராவது "புளூமிங்டனில் வேலை கிடைச்சிருக்கு" என்றால் முதலில் எந்த மாநிலம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை இன்ஜின் கண்ட்ரோல்ஸ் வேலையில் இருப்பவர். தங்கை ஆஸ்பத்திரி டேட்டா சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிறாள். பெரியவன் பத்தாவது, சின்னவள் இரண்டாவது. கொலம்பஸிலிருந்து மாப்பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு, புளூமிங்டனை ஒட்டிய நார்மலில் இன்னொன்று, ராச்செஸ்டரில் தங்கைக்கு ஒன்று. "அண்ணா, நீ இந்தப் பக்கம் பதினாலு வருஷமா இருக்க, நீயே சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டாள். நான் புளூமிங்டனில் ஆறு வருடம் குடியிருந்தவன். மற்ற இரண்டு ஊருக்கும் பலமுறை போய் வந்திருக்கிறேன். சம்பளத்தையும் வீட்டு விலையையும் மட்டும் வைத்து எக்ஸெல் ஷீட் போட அவர்களுக்கே தெரியும். நான் பார்த்தது வேறு: மூன்றுமே ஒரு பெரிய முதலாளியின் நிழலில் வளர்ந்த ஊர்கள். அந்த முதலாளி நன்றாக இருந்த காலத்தில் ஊருக்கு என்ன செய்தார், கை சுருங்கிய காலத்தில் ஊர் என்ன ஆனது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கொலம்பஸை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இண்டியானாபொலிஸிலிருந்து தெற்கே நெடுஞ்சாலை 65-ல் முக்கால் மணி நேரம். 2020 கணக்கெடுப்பில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் பேர். ஊர் 1821-ல் தொடங்கியது. நிலம் கொடுத்த ஜான் டிப்டன் என்பவரின் பெயரில் முதலில் டிப்டோனா என்றார்கள். கொஞ்ச நாளிலேயே கொலம்பஸ் என்று மாற்றிவிட, மனிதர் கோபித்துக்கொண்டு ஊரை விட்டே போனாராம். அதன்பின் நூறு வருடத்துக்கு, ஆற்றங்கரையில் சோளம் விளையும் எத்தனையோ இண்டியானா ஊர்களில் இதுவும் ஒன்று. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கதை 1919-ல் திரும்புகிறது. ஊரின் பேங்கர் டபிள்யூ. ஜி. இர்வின் குடும்பத்துக்குக் கார் ஓட்டி, காரைப் பழுதும் பார்த்துவந்தவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். டீசல் இன்ஜின் செய்யப் போகிறேன் என்று அவர் சொல்ல, இர்வின் பணம் போட்டார். போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். 1929 கிறிஸ்துமஸ் சமயத்தில் கம்மின்ஸ் ஒரு பழைய பெக்கார்டு காரில் டீசல் இன்ஜினைப் பொருத்தி, முதலாளியை அதில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். 1931-ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அவர்களுடைய டீசல் கார் ஐநூறு மைலையும் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. வந்தது பதின்மூன்றாவது இடம்தான், ஆனால் யாரும் அப்படி ஓடியதில்லை. இத்தனைக்குப் பிறகும் கம்பெனி முதல் லாபத்தைப் பார்த்தது 1937-ல். பதினெட்டு வருடம் நஷ்டத்தைத் தாங்கிய பேங்கர் குடும்பம் இன்றைக்கு எங்கே கிடைக்கும்?

அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைதான் ஜே. இர்வின் மில்லர். 1934-ல் கம்பெனிப் பொறுப்புக்கு வந்தார். போருக்குப் பிறகு ஊரில் குழந்தைகள் பெருகினார்கள், பள்ளிகள் போதவில்லை, அவசரத்துக்குக் கட்டிய கட்டிடங்கள் சகிக்கவில்லை. நல்ல இன்ஜினியர்களை இந்தச் சோளக்காட்டு ஊருக்கு எப்படி வரவழைப்பது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதனால் ஸ்கூல் போர்டிடம் ஒரு பேரம் பேசினார்: வெளியாட்கள் கொண்ட குழு தயாரிக்கும் பட்டியலிலிருந்து நீங்கள் ஒரு ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுங்கள், அவருடைய கட்டணத்தைக் கம்மின்ஸ் ஃபவுண்டேஷன் கொடுத்துவிடும். 1957-ல் ஹாரி வீஸ் வரைந்த ஆரம்பப் பள்ளி எழும்பியது. பிறகு தீயணைப்பு நிலையம் வரை எல்லாப் பொதுக் கட்டிடங்களுக்கும் இந்த ஏற்பாடு பரவியது.

விளைவை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். நூலகம் ஐ. எம். பெய் வரைந்தது, 1969. அதன் எதிரே எலியல் சாரினென் 1942-ல் கட்டிய தேவாலயம். அவருடைய மகன் ஈரோ சாரினென் கட்டிய பேங்க் ஒன்று, கூம்புபோல வானத்துக்கு ஏறும் இன்னொரு தேவாலயம் ஒன்று. நான்காம் எண் தீயணைப்பு நிலையம் ராபர்ட் வென்டூரி. பிள்ளைகள் படிக்கும் சாதாரண அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஒன்று ரிச்சர்ட் மையர் வரைந்தது. இன்னொன்றில் வகுப்புகளை இணைக்கும் நடைபாதைகள் பெரிய வண்ணக் குழாய்கள். அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் சங்கம் 1991-ல் இந்தச் சின்ன ஊரைக் கட்டிடக் கலையில் நாட்டின் ஆறாவது இடத்தில் வைத்தது. ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் பஸ் பிடித்து வருகிறார்கள்.

சின்னவளை நூலகத்துக்கு முன்னால் இருக்கும் செங்கல் முற்றத்தில் விட்டோம். நடுவில் ஹென்றி மூரின் வெண்கல வளைவு, பச்சை ஏறிப்போய், ஏதோ ராட்சத மிருகத்தின் இடுப்பெலும்புபோல நிற்கும். அவள் அதன் கால்களுக்கிடையே ஓடி, உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, திரும்பி ஓடி வந்தாள். பத்து நிமிடம் இதே வேலை. யாரும் "தொடாதே" என்று சொல்லவில்லை. அப்புறம் வாஷிங்டன் தெருவில் 1900-லிருந்து நடக்கும் ஸாஹராகோஸ் ஐஸ்கிரீம் கடை. மார்பிள் கவுண்டர், வெண்கலக் குழாய்கள், தானாகவே வாசிக்கும் பழைய காலத்து ராட்சத ஆர்கன். ஐஸ்கிரீமைவிட அந்த ஆர்கனுக்குத்தான் சின்னவள் வாயைப் பிளந்தாள்.

மில்லர் கட்டிடத்தோடு நிற்கவில்லை. தேசிய தேவாலயக் கவுன்சிலின் தலைவராக இருந்து, 1963 வாஷிங்டன் பேரணிக்கு ஆதரவு திரட்டியவர். 1967 அக்டோபரில் எஸ்குவயர் பத்திரிகை அட்டையில் அவர் படத்தைப் போட்டு, அடுத்த ஜனாதிபதியாக வேண்டியவர் இவர் என்று எழுதியது. இண்டியானாவின் ஒரு மூலையில் இருந்த இன்ஜின் கம்பெனிக்காரர்! அவர் காலத்திலேயே, 1962-ல், புனேயில் கிர்லோஸ்கரோடு கூட்டுச் சேர்ந்து கம்மின்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதனால்தான் கொலம்பஸின் மளிகைக் கடை வரிசையில் தமிழைவிட மராத்தி அதிகம் காதில் விழும். தமிழ்க் குடும்பங்களும் உண்டு, ஆனால் பொங்கலுக்குக் கூட்டம் சேர வேண்டுமென்றால் இண்டியானாபொலிஸ் போக வேண்டியிருக்கும்.

படிப்புக்கு வருவோம். கவுண்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அது முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்தான் முக்கியம்: பார்தலோமியு. நார்த், ஈஸ்ட் என்று இரண்டு பெரிய உயர்நிலைப் பள்ளிகள், ப்ராஜெக்ட் வழியாகப் பாடம் நடத்தும் சிறிய பள்ளி ஒன்று. எந்தத் தெருவில் வீடு வாங்கினால் நல்ல ஸ்கூல் என்று ராத்திரி முழுக்க வெப்சைட்டைத் தோண்டும் வேலை இங்கே பெரும்பாலும் கிடையாது. எனக்கு இது பெரிய நிம்மதியாகப் பட்டது. ஊருக்கு வடக்கே முன்பு விமானப்படைத் தளம் இருந்த இடத்தில் இண்டியானா யுனிவர்சிட்டியின் கொலம்பஸ் வளாகம், ஐவி டெக் கம்யூனிட்டி காலேஜ், பர்டியூ பல்கலைக்கழகத்தின் பாலிடெக்னிக் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இன்ஜின் கம்பெனிக்கு ஆள் வேண்டும், காலேஜுக்கு மாணவர் வேண்டும், இரண்டும் பத்து நிமிட தூரத்தில். மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் இண்டியானா புளூமிங்டனில் பெரிய பல்கலைக்கழகம். வடக்கே இரண்டு மணி நேரத்தில் பர்டியூ. பெரியவன் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான், அதனால் இந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

குறை இல்லாத ஊர் உண்டா? முதல் குறை, டீசல். உலகம் டீசலை விட்டு எவ்வளவு வேகமாக நகரும் என்று யாருக்கும் தெரியாது. கம்மின்ஸும் மின்சாரம், ஹைட்ரஜன் பக்கம் ஒரு காலை வைத்திருக்கிறது, ஆனால் சோறு போடுவது இன்னும் டீசல்தான். 2023 கடைசியில் பிக்கப் டிரக்குகளின் புகைக் கட்டுப்பாட்டு விவகாரத்தில் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. காற்று மாசுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதித்ததிலேயே பெரிய தொகை. ஊர் அதைத் தாங்கிக்கொண்டது, சரி. டொயோட்டாவின் ஃபோர்க்லிஃப்ட் தொழிற்சாலை போன்றவையும் இங்கே இருக்கின்றன. ஆனாலும் கம்மின்ஸ் இருமினால் ஊர் முழுக்கக் கேட்கும்.

இரண்டாவது, தண்ணீர். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் ஊரைக் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2008 ஜூன் 7 காட்டியது. ஹா கிரீக் என்ற ஓடை சில மணி நேரத்தில் பொங்கி ஊரின் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது. நோயாளிகளை ராத்திரியோடு ராத்திரியாக அப்புறப்படுத்தினார்கள். ஆஸ்பத்திரி திரும்ப முழுசாகத் திறக்க மாதக்கணக்கில் ஆனது. இங்கே வீடு பார்க்கும் யாரும் ஸ்கூலுக்கு முன்னால் வெள்ள வரைபடத்தைப் பார்க்க வேண்டும். புரோக்கர் தானாகச் சொல்வார் என்று இருக்காதீர்கள்.

அடுத்தது புளூமிங்டன்-நார்மல். ஒட்டிப் பிறந்த இரட்டை ஊர்கள், ஒரு தெருவைக் கடந்தால் ஊர் மாறிவிடும். இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர். நார்மல் என்ற பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை அந்தக் காலத்தில் "நார்மல் ஸ்கூல்" என்பார்கள். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் 1856-ல் நார்மல் ஸ்கூலாகத் தொடங்கியதுதான். அதற்கு அடுத்த வருடம், 1857-ல், இல்லினாய் மாநிலத்தின் முதல் அரசுப் பல்கலைக்கழகம் இங்கே ஆசிரியர் பயிற்சிக்காகத் தொடங்கியது. வக்கீலாக இருந்த ஆபிரகாம் லிங்கன்தான் அதற்கான பத்திரங்களை எழுதிக் கொடுத்தார். ஊர் பெயரும் அதிலிருந்து வந்தது. ஜெஸ்ஸி ஃபெல் என்ற மனிதர் பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்ததோடு தெருத்தெருவாக மரங்களை நட்டார். லிங்கன் 1859-ல் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதி அனுப்பியதும் இவருக்குத்தான். ஆக, இந்த ஊருக்கு அஸ்திவாரம் கல்வி. முதலாளி பிறகு வந்தார்.

முதலாளி, ஸ்டேட் ஃபார்ம். 1922-ல் ஜார்ஜ் மெக்கர்லி என்ற ஓய்வுபெற்ற விவசாயி, விவசாயிகளின் கார்களுக்கு மட்டும் என்று தொடங்கிய இன்ஷூரன்ஸ். இன்று நாட்டின் மிகப் பெரிய கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் ஒன்று. இந்த ஊருக்குத் தமிழர்களைக் கொண்டுவந்தது இன்ஷூரன்ஸும் அதைச் சுற்றிய சாஃப்ட்வேர் வேலையும்தான். கோயில் உண்டு, தமிழ் வகுப்பு உண்டு, இட்லி மாவு வீட்டு வாசலில் வந்து இறங்கும். எங்கள் அபார்ட்மென்ட் பிளாக்கில் ஒரு வெட் கிரைண்டர் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து யாரோ கொண்டுவந்தது. ப்ராஜெக்ட் முடிந்து கிளம்புகிறவர்கள் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தெரிந்தே ஐந்து வீடு மாறியது. என்னிடம் வந்தபோது ஒரு பக்கப் பிடி உடைந்து, சணல் கயிறு சுற்றியிருந்தது. அந்தக் கிரைண்டரைப் பார்த்தால் இந்த ஊரின் பொருளாதாரம் புரிந்துவிடும்: தமிழ்க் கூட்டத்துக்குக் குறைவே இல்லை, ஆனால் யாரும் நிலையாக இருப்பதில்லை. ஸ்டேட் ஃபார்மும் டல்லஸ், அட்லாண்டா, ஃபீனிக்ஸ் பக்கம் பெரிய வளாகங்களைக் கட்டிக்கொண்டது. டவுன்டவுனில் இருந்த பழைய தலைமைக் கட்டிடம் காலியானது.

மாப்பிள்ளைக்கு இங்கே வந்த வாய்ப்பு கார் தொழிற்சாலைப் பக்கம். அந்தத் தொழிற்சாலையின் கதை தனி. 1988-ல் மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் சேர்ந்து திறந்தார்கள். 2015-ல் மிட்சுபிஷி மூடியது. நான் அப்போது அங்கே இருந்தேன். நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் அந்தப் பிரம்மாண்டமான பார்க்கிங் காலியாகக் கிடந்ததைப் பார்க்கவே மனசு கனக்கும். 2017-ல் ரிவியன் என்ற மின்சார வண்டிக் கம்பெனி 1.6 கோடி டாலருக்கு வாங்கியது. அவ்வளவு பெரிய தொழிற்சாலைக்கு அது சல்லிக்காசு. 2021 செப்டம்பரில் முதல் மின்சாரப் பிக்கப் வெளியே வந்தது. 2024-ல் மாநில அரசு 82.7 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகளை அறிவித்தது. அதே வருடம் சம்பளக்காரர்களில் பத்துக்கு ஒருவரை ரிவியன் வீட்டுக்கும் அனுப்பியது. மின்சார வண்டி வியாபாரம் மேலே போய்க் கீழே வரும் ராட்டினம். டீசலைப் பற்றிப் பயப்படுகிறவர் மாற்றாக இதைப் பிடிப்பது நியாயம்தான், ஆனால் இதில் பயம் குறைவு என்று நினைக்கக் கூடாது.

பள்ளிகள் இங்கே நல்லவை. பல்கலைக்கழகமே நடத்தும் பரிசோதனைப் பள்ளிகளும் உண்டு. ஆனால் பணத்துக்கு ஊரிடம் கையேந்த வேண்டியிருக்கிறது. நார்மல் பக்கத்து யூனிட் 5 டிஸ்ட்ரிக்ட் 2022 நவம்பரில் வரியை உயர்த்தக் கேட்டு வாக்கெடுப்பில் தோற்றது. விளையாட்டு, இசை எல்லாம் வெட்டு விழும் என்ற நிலை வந்தபிறகு 2023 ஏப்ரலில் மறுபடி கேட்டு ஜெயித்தது. ரயில் ஒரு பெரிய வசதி: நார்மல் ஸ்டேஷனில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் சிகாகோ. மற்ற இரண்டு ஊரிலும் பயணிகள் ரயிலே கிடையாது.

ராச்செஸ்டர், தங்கையின் கட்சி. 1883 ஆகஸ்ட் 21-ல் ஒரு சூறாவளி ஊரின் வடபகுதியைத் துடைத்துப் போட்டது. ஆஸ்பத்திரி இல்லை. காயம்பட்டவர்களை நடனக் கூடத்தில் கிடத்தினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள உதவிய கன்னியாஸ்திரிகளின் தலைவி மதர் ஆல்பிரட் மோஸ், டாக்டர் டபிள்யூ. டபிள்யூ. மேயோவிடம் போய், நாங்கள் ஆஸ்பத்திரி கட்டித் தருகிறோம், நீங்கள் நடத்துங்கள் என்றார். இவ்வளவு சின்ன ஊருக்கு ஆஸ்பத்திரி தாங்காது என்று டாக்டர் தயங்கினார். அந்த அம்மா விடவில்லை. சேமித்த பணத்தில் 1889-ல் 27 படுக்கைகளோடு செயின்ட் மேரிஸ் திறந்தது. டாக்டரின் இரண்டு மகன்களும் 1919-ல், கம்மின்ஸ் தொடங்கிய அதே வருடத்தில், சொத்தை லாபநோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். டாக்டர்களுக்குச் சம்பளம், அவ்வளவுதான். அதுதான் மேயோ கிளினிக். இன்று அந்த ஒரு இடத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் வேலை செய்கிறார்கள். ஊரின் மொத்த ஜனத்தொகை ஒரு லட்சத்து இருபத்தோராயிரம்.

முதலாளி சுருங்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ராச்செஸ்டரிடம் ஏற்கெனவே பதில் இருக்கிறது. ஐபிஎம் 1956-ல் இங்கே வந்தது. நீலக் கண்ணாடிப் பலகைகளால் ஆன அதன் கட்டிடத்தை வரைந்ததும் கொலம்பஸின் அதே ஈரோ சாரினென்தான். தொண்ணூறுகளில் சென்னையில் ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் கம்ப்யூட்டரைப் படித்து வேலைக்குப் போனவர்களுக்குச் சொல்கிறேன், அந்தப் பெட்டி பிறந்தது இந்தக் கட்டிடத்தில், 1988-ல். உச்சக் காலத்தில் எட்டாயிரம் பேர் வரை வேலை செய்த வளாகத்தை ஐபிஎம் 2018-ல் விற்றுவிட்டது. ஊர் அசையவில்லை, ஏனென்றால் மேயோ அதைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஊரை மருத்துவத் தலமாக்க 2013-ல் மாநிலமே சட்டம் போட்டு 58.5 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்கியது. 2023-ல் மேயோ இன்னொரு 500 கோடி டாலர் கட்டுமானத்தை அறிவித்தது. டவுன்டவுன் இன்னும் பல வருடத்துக்குக் கிரேனும் தூசியுமாகத்தான் இருக்கும்.

படிப்பில் ராச்செஸ்டரின் பலம், பள்ளிப் பிள்ளைகள் காலேஜ் பாடத்தை இலவசமாகப் படிக்கலாம் என்பது. மினசோட்டா 1985-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. பதினொன்றாவதில் இருக்கும் பையன் உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் போய் உட்காரலாம், கட்டணம் மாநிலத்துடையது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ராச்செஸ்டர் வளாகம் டவுன்டவுன் ஷாப்பிங் மாலின் மாடியில் தொடங்கியது. ஆனால் அங்கே மருத்துவம் சார்ந்த அறிவியல்தான். இன்ஜினியரிங் என்றால் மினியாபொலிஸ், ஒன்றரை மணி நேரம். குளிரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே போவதெல்லாம் ஜனவரியில் செய்தியே இல்லை. டவுன்டவுனில் கட்டிடத்துக்குக் கட்டிடம் மேலே பாலமும் கீழே சுரங்கமுமாக இணைத்திருப்பதைப் பார்த்தாலே புரியும்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இண்டியானாவில் மாநில வருமான வரி 3 சதவீதத்தை ஒட்டி, அதற்கு மேல் கவுண்டி வரி. குடியிருக்கும் வீட்டுக்கான வரி, ஊரார் வாக்களித்துக் கூட்டினால் ஒழிய, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. இல்லினாயில் வருமான வரி 4.95, வீட்டு வரி 2 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மினசோட்டாவில் வருமான வரி படிப்படியாக ஏறி 9.85 வரை போகும், அவர்கள் இருவர் சம்பளத்துக்கும் நடுப்படிகளில் நிற்கும். மொத்தத்தில் கையில் மிஞ்சுவது கொலம்பஸில்தான் அதிகம்.

பர்டியூவுக்கு வருகிறேன். இண்டியானா மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அங்கே ஆண்டுக் கட்டணம் பத்தாயிரம் டாலருக்குள், 2012-13-லிருந்து உயர்த்தவே இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம், புளூமிங்டனிலிருந்து ஒரு மணி நேரம்தான், இன்ஜினியரிங்கில் பர்டியூவுக்கு இளைத்ததல்ல. ஆனால் மாநிலத்துப் பிள்ளைக்கே அதில் இரட்டிப்பு ஆகும். பெரியவன் பத்தாவதில் இருக்கிறான். மாநிலத்துக்காரன் என்ற கணக்கில் சேர முன்கூட்டியே ஒரு வருடமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும் என்பதால் இந்த வருடம் மாறினால்தான் பிரயோஜனம். விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு விதி எப்படி என்பதை வாட்ஸ்அப் குரூப்பில் கேட்காமல் அந்தந்தப் பல்கலைக்கழக அலுவலகத்திலேயே எழுதிக் கேளுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

விசா என்றதும் இன்னொன்று. ஹெச்1பி-யில் வேலை போனால் அடுத்தது தேட 60 நாள். பெரிய நகரத்தில் அந்த 60 நாளில் வீட்டை மாற்றாமலே வேறு வேலை பிடிக்கலாம். இந்த மூன்று ஊரிலும் வேலையோடு ஊரையும், பள்ளியையும் சேர்த்து விட வேண்டி வரலாம். அதனால் முதல் வருடம் எங்கே போனாலும் வாடகை வீடுதான், இதில் பேச்சே இல்லை. அதோடு இருவர் சம்பளமும் ஒரே இடத்திலிருந்து வரக் கூடாது.

என் ஓட்டு கொலம்பஸுக்கு. மாப்பிள்ளையின் வேலை, பெரியவனின் காலேஜ், சின்னவளின் பள்ளி மூன்றும் அங்கே ஒன்று சேர்கின்றன. 2008-ல் அடிபட்ட ஆஸ்பத்திரியை அதே இடத்தில் எழுப்பிக்கொண்ட ஊர், பள்ளிக் கட்டிடத்துக்கு எழுபது வருடத்துக்கு முன்பே இவ்வளவு யோசித்த ஊர். ஆனால் என் கணக்கில் ஒரு ஓட்டை இருப்பதைத் தங்கை உடனே பிடித்துவிட்டாள். "எல்லாத்தையும் அவர் வேலையை வச்சே பார்க்கிறியே அண்ணா, என் வேலையை எந்தக் காலத்துல கணக்குல எடுத்த?" நியாயமான கேள்வி. கொலம்பஸில் ஒரே ஆஸ்பத்திரி, அவளுடைய வேலைக்கு அங்கே இடம் குறைவு. இண்டியானாபொலிஸ் வரை தினமும் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைக்க வேண்டும். ராச்செஸ்டரில் மாப்பிள்ளைக்கு அதே கஷ்டம். ஆனால் மூன்று ஊரில் முதலாளி மிக உறுதியாக நிற்பது ராச்செஸ்டரில்தான், அதை நானே மேலே எழுதியிருக்கிறேன். சின்னவளுக்குப் பத்து வருடம் பள்ளி பாக்கி இருக்கிறது என்று நீட்டிப் பார்த்தால் அவள் சொல்வதில் வலு கூடுகிறது. பெரியவனின் மூன்று வருடத்தை வைத்துப் பார்த்தால் என் பக்கம் சாய்கிறது. புளூமிங்டனை இருவருமே ஒதுக்கிவிட்டார்கள். எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம், அந்த ஊர் சாம்பார் வாசனை அவர்களுக்குத் தெரியாது.

ராச்செஸ்டரை அவர்கள் ஜூனில்தான் பார்த்திருக்கிறார்கள். ஏரிக்கரையில் வாத்துக் கூட்டம், ரோஜாச் செடிகள், இதமான வெயில். ஜூனில் எந்த ஊர்தான் அழகாக இருக்காது? ஜனவரியில் போய், காலை ஏழு மணிக்குப் பார்க்கிங்கிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசு என்று தங்கையிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டாள். இரண்டாவது வாரத்துக்கு மாப்பிள்ளை டிக்கெட் போட்டிருக்கிறார். மினசோட்டாதானே என்று நான் மூன்று முறை கேட்டுவிட்டேன்.